எழுபதுக்கு மேலும் 1:72



எழுபது தாண்டியும் பிளாஸ்டிக் விமானம் ஒட்டுகிறானே என்று சிலர் சிரிப்பதுண்டு. சிரிக்கட்டும். 1965 யுத்தத்தில் பாகிஸ்தானின் சேபர்களை வீழ்த்தியதே நாட், பெங்களூர் எச்.ஏ.எல்.லிலும் தயாரான ரகம், அது நிஜத்தில் சுமார் 9 மீட்டர் நீளம். 1:72 அளவில் 12 சென்டிமீட்டர்தான். சில பாகங்கள் அரிசிமணிக்குச் சமம்.

கண்புரை ஆபரேஷன் ஆகி, கை நடுக்கமும் சேர்ந்துகொண்டபோது, "பேசாமல் 1:48-க்கு மாறிவிடுங்கோ" என்றார்கள் நண்பர்கள். நியாயமான யோசனைதான். ஆனால் அதில் நாட் 18 சென்டிமீட்டர் ஆகிவிடும். என் அலமாரியில் இருக்கும் 1:72 மிக் 21 சுமார் 20 சென்டிமீட்டர். இரண்டும் பக்கத்தில் நின்றால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அத்தனை குட்டி விமானமா சண்டை போட்டது என்ற ஆச்சரியமே போய்விடுமே!

அதனால் வேலை முறையைத்தான் மாற்றினேன். தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி, காலை வெளிச்சத்தில் அரைமணி. முழங்கைகளை மேஜையில் ஊன்றினால் நடுக்கம் நன்றாகவே குறைகிறது. சின்னப் பாகங்களுக்குச் சட்டத்திலிருந்து வெட்டுமுன்பே பெயின்ட். விமானி அறைக்குள் டயல்கள் வரைவதை விட்டுவிட்டேன். மேல்மூடியை ஒட்டியபின் யார் பார்க்கப் போகிறார்கள்?

கீழே விழுந்த பாகத்தைத் தேட மட்டும் பேரன் வர வேண்டியிருக்கிறது.