அரமும் அதன் கைப்பிடியும்

(மறுநடவுப் பணியில் மரம் வெட்டும் தோட்டத் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



பால் சீவும் கத்தியைத் தீட்டாமல் விடியற்காலையில் நிரைக்குச் செல்பவர் உங்களுள் ஒருவரும் இலர். மழுங்கிய கத்தி பட்டையைக் கிழிக்கும், மரத்தைக் காயப்படுத்தும் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமா? ஆயினும், இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் கழித்து அம்மரங்களைச் சாய்க்கும் வேளை வந்து, அதே கைகளில் செயின்சா எனப்படும் சங்கிலி வாள் ஏறியதும் அந்த நல்வழக்கம் ஏனோ மறைந்துபோகிறது. இயந்திரமாயிற்றே, அதுவே அறுத்துக்கொள்ளும் என்று எண்ணிவிடுகிறோம். இயந்திரம் சங்கிலியைச் சுற்றுகிறது, அவ்வளவே. மரத்தை அறுப்பவை பற்கள்.

பல் மழுங்கியதை அறிவது எளிது. மரத்தைக் குறுக்கே அறுக்கும்போது கீழே உதிர்வதைப் பாருங்கள். கூரான பல் சீவல்களை உதிர்க்கும். மழுங்கிய பல் மாவைப் போன்ற தூளை உதிர்க்கும். வாளை அழுத்தினாலன்றி அது இறங்காவிட்டால் ஐயமே வேண்டாம். அழுத்தி அறுப்பவர் விரைவில் களைப்படைவார். வாள் துள்ளினால் அதனை அடக்க அவர் கைகளில் வலிவு இராது. அதிர்வும் கூடுதலாகக் கையில் ஏறும். ஆண்டுக்கணக்கில் அதிர்வுக்கு ஆளான விரல்கள் உணர்விழந்து வெளுத்துப்போவது மருத்துவர்கள் நன்கறிந்த நோயாகும்.

ஒப்பந்தக் கூலிக்கு வெட்டுவோர், "தீட்ட நிற்கும் நேரம் கூலியில் குறையுமே" என்பர். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்புகள் அரம் போட்டால் போதும். நாள் முழுதும் விட்டுவைத்து மாலையில் தீட்டுவதுதான் நேரத்தை விழுங்கும்.

இன்றைய சங்கிலியின் வரலாறு சுவையானது. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, ஒரு கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டின் புழுவைக் கூர்ந்து கவனித்தார். அது வலமும் இடமுமாகத் தாடையை அசைத்து மரத்தைத் தின்றது. அதனைப் பார்த்தே வலப்பல்லும் இடப்பல்லும் மாறி மாறி அமைந்த சங்கிலியை அவர் உருவாக்கினார். ஆகையால் இருபக்கப் பற்களும் ஒரே நீளத்தில் இருத்தல் வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் வெட்டு வளைந்து செல்லும். மிகக் குட்டையான பல்லை அளவாகக் கொண்டு மற்றவற்றை அதற்கேற்பத் தேயுங்கள்.

தீட்டும் முறைக்கு வருவோம். இயந்திரத்தை நிறுத்துங்கள், கையுறை அணியுங்கள். வெட்டிய அடிக்கட்டையில் ஒரு பிளவு அறுத்து, வாளின் தகட்டை அதில் இறுக்கமாகப் பொருத்தினால் ஆடாது. பற்களில் ஒட்டிய ரப்பர்ப் பாலையும் மண்ணையும் தூரிகையால் துடைத்துவிடுங்கள். அரம் உருண்டையானது, அதன் பருமன் சங்கிலிக்குச் சங்கிலி மாறும். 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் அரம். 3/8 அங்குலச் சங்கிலிக்குப் பெரும்பாலும் 5.2 அல்லது 5.5 மில்லிமீட்டர் அரம். வாளுடன் வந்த கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பெரும்பாலான சங்கிலிகளுக்குச் சாய்வு 30 பாகை. அரத்தின் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கித் தள்ளுங்கள். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். பின்னோக்கி உரசினால் அரம்தான் மழுங்கும். ஒரு பக்கப் பற்களை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடங்குங்கள்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு உண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அது வரையறுக்கிறது. பல்லைவிட அது ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது வழக்கம். பல் தேயத் தேய அதனையும் தட்டையான அரத்தால் அளவுதகடு வைத்துக் குறைத்துவர வேண்டும். விரைவாக அறுக்கலாம் என்று அளவுக்கு மீறிக் குறைப்பவர், வாள் முகத்தை நோக்கித் துள்ளுவதற்குத் தாமே வழிசெய்கிறார்.

இனி, பலரும் பொருட்படுத்தாத கைப்பிடி. அரம் பெரும்பாலும் பிடியின்றியே விற்கப்படுகிறது. அதன் வால் ஆணியைப் போல் கூம்பியிருக்கும். தள்ளும் வேகத்தில் அரம் பல்லில் சிக்கி நின்றால் கை நிற்பதில்லை. வால் உள்ளங்கையில் பாய்ந்துவிடும். அங்கே உள்ள நரம்பு அறுந்தால், பிறகு பால் சீவும் கத்தியைப் பிடிப்பது எவ்வாறு? கந்தல் துணியைச் சுற்றுவதும், பழைய ரப்பர்க் குழாயைச் செருகுவதும் பாதுகாப்பாகா. வால் அவற்றையும் துளைத்துச் செல்லும்.

கடையில் வாங்கும்போது பிடியைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். உள்ளங்கை நிறைய வேண்டும். முனை உருண்டு மழமழப்பாக இருக்க வேண்டும். மிகக் குட்டையான பிடி உள்ளங்கையின் நடுவே அழுத்தும். சற்று நீண்ட பிடியில் அரத்தின் சாய்வைக் கண்ணால் சரிபார்ப்பதும் எளிது. வியர்வையும் எண்ணெயும் படிந்த கையில் வழவழப்பான பிளாஸ்டிக்கைவிட மரப்பிடியே நழுவாது என்பது என் கருத்து. மரப்பிடியாயின் கழுத்தில் உலோகப் பூண் இருக்கிறதா என்று பாருங்கள். பூண் இல்லாதது விரைவில் பிளந்துவிடும். பிடியிலுள்ள துளை வாலைவிடச் சிறிது ஒடுங்கியிருத்தல் நலம். வாலைத் துளையில் நேராகச் செருகி, பிடியின் அடியைக் கட்டையில் தட்டுங்கள். அரம் தானே இறங்கும். சுத்தியலால் அரத்தை அடிக்காதீர்கள். அது கடினமான எஃகு. சில்லு தெறித்துக் கண்ணில் படக்கூடும். மாட்டியதும் இழுத்துப் பாருங்கள். ஆடுகிற பிடியும் விரிசல் கண்ட பிடியும் உதவா.

பிடி வேண்டுமென நிர்வாகத்திடமோ ஒப்பந்தக்காரரிடமோ கேட்கத் தயங்க வேண்டாம். பாதுகாப்பான கருவிகளையும் அவற்றிற்குரிய பயிற்சியையும் வழங்குவது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கூறுகிறது. மிகக் குட்டையான பல் 4 மில்லிமீட்டர் நீளத்திற்குத் தேய்ந்ததும் புதிய சங்கிலியும் கேளுங்கள். அப்போது பழைய சங்கிலியைக் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.