நீர்நிலையும் நம் குழந்தைகளும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

எனக்கு முன் பேசிய பெருமக்கள் நம் சங்கத்தின் மாலை வகுப்புகளைப் பற்றியும், நம் பிள்ளைகள் பெற்ற பட்டங்களைப் பற்றியும், ஏறிய பதவிகளைப் பற்றியும் விரிவாக எடுத்துரைத்தனர். கேட்கக் கேட்க நெஞ்சு நிறைந்தது. எனக்கு அளிக்கப்பட்ட தலைப்போ ‘குழந்தைகளும் வெளியுலகமும்’ என்பது. நான் எதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று செயலாளர் வினவியபோது, “நீச்சலைப் பற்றியும் தூண்டிலைப் பற்றியும்” என்றேன். அவர் சற்றுத் திகைத்தார். படிப்பு வளர்க்கும் சங்கத்தின் மேடையில் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசலாமா என்ற ஐயம் அவர் முகத்தில் தெரிந்தது. அந்த ஐயம் உங்களில் பலருக்கும் இருக்கும். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இராசிபுரம் பக்கத்துத் தாய் ஒருவரிடம், “விடுமுறையில் பையனை ஏரிப் பக்கம் அழைத்துச் செல்கிறேன், அனுப்புங்கள்” என்று கேட்டேன். அவர் சொன்ன மறுமொழி இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. “வெயில்ல கெடந்தது எங்களோட போகட்டுங்க சார். எம் பையன் நெழல்ல உக்காரட்டுங்க.” அச்சொல்லுக்கு நான் தலைவணங்குகிறேன். நகரத்தாருக்கு வெளி என்பது உலாவும் இடம், பூங்கா, காற்று வாங்கும் மேடு. நமக்கோ வெளி என்பது வேலை. பத்து வயதில் பண்ணையத்துக்கு விடப்பட்டு, பிறர் ஆட்டை மேய்த்து, பிறர் வயலில் முதுகொடிந்த தலைமுறையின் மக்கள் நாம். அந்த வெளியிலிருந்து பிள்ளையை மீட்பதற்காகவே பள்ளிக்கு அனுப்பினோம். மீண்டும் சேற்றிலே இறக்குவதா என்று ஒரு தாய் கேட்பது நியாயமே.

ஆனால் அத்தாயின் மகன் நிழலிலேயே உட்கார்ந்திருந்தானா? இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மூன்று தோழர்களோடு எவருக்கும் சொல்லாமல் ஏரிக்குப் போய்விட்டான். நல்ல வேளையாகத் திரும்பி வந்தான். எல்லாப் பிள்ளைகளும் திரும்பி வருவதில்லை என்பதை இங்கே கூடியிருப்போர் அறிவர். அவ்வீடுகளின் பெயரை நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் நீரை நாடிச் செல்வது உறுதி. நாம் கற்றுத் தந்து செல்கிறார்களா, கற்றுத் தராமல் செல்கிறார்களா என்பதே கேள்வி.

நம் குழந்தைகளுக்கு ஏன் நீந்தத் தெரியவில்லை? சேலம், நாமக்கல் சமவெளியில் மேற்கிலும் தெற்கிலும் காவிரியை ஒட்டிய ஊர்களை விட்டுவிட்டால், மற்ற ஊர்களுக்கு ஏரியும் கிணறுமே நீர். இந்நாட்டில் பிள்ளைகள் நீச்சல் பழகியது தோட்டத்துக் கிணற்றில். முதுகிலே சுரைக்குடுக்கையைக் கட்டி, பக்கப் படிக்கல்லிலிருந்து தள்ளிவிடுவார்கள். மூன்றாம் நாள் பையன் மிதப்பான். பத்தாம் நாள் குடுக்கையை அவிழ்த்துவிடுவார்கள். அந்தக் கிணறு யாருடையது? அதில் யார் பிள்ளை இறங்கலாம்? நம் பிள்ளைகள் கிணற்று மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதற்கும் சில இடங்களில் தடை.

இதில் ஒரு கொடுமையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மின்மோட்டார் வருமுன் கவலை இறைத்த காலத்தில், எருதுகள் இழுத்த சாலின் அடியில் தோல் வால் தொங்கும். அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்தவர்கள் நம் பாட்டனார்கள். அது நாள் முழுதும் கிணற்று நீரில் மூழ்கி எழும். அதன் வழியே பாய்ந்த நீரில் ஊரே விளைந்தது. தோல் இறங்கினால் தீட்டுப்படாத தண்ணீர், தைத்தவன் கை பட்டால் தீட்டாகிவிடுமாம்!

என் வாழ்க்கையில் நிகழ்ந்த ஒன்றையும் சொல்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது; 1960களின் முற்பகுதி. எங்கள் ஊர் ஏரிக் கோடியில் நீர் வழிந்துகொண்டிருந்தது. குண்டூசியை வளைத்து முள்ளாக்கி, சோளத்தட்டைத் துண்டைத் தக்கையாக்கி, மூன்று கெண்டைகள் பிடித்துவிட்டேன். கரைமேல் வந்த ஒருவர் என் கோலை முறித்தார். வைது விரட்டினார். மீன்களை நீரில் விட்டிருந்தால்கூட எனக்கு வருத்தம் இருந்திராது. அவற்றை வறண்ட கரையில் எறிந்தார். வீட்டிலே அடி விழும் என்று அஞ்சிக்கொண்டே போனேன். தந்தையார் அடிக்கவில்லை. ஒன்றும் பேசவுமில்லை. அடுத்த சந்தை நாளில் கடையிலிருந்து மெய்யான தூண்டில் முள் ஒன்று வாங்கி வந்து என் கையில் வைத்து, “ஏரிக்குப் போவாத, ஓடைக்குப் போ” என்றார். அந்த முள்ளைப் பற்றி நான் நெடுங்காலம் எண்ணியிருக்கிறேன். என் தந்தையாருக்கும் நீந்தத் தெரியாது.

நான் நீச்சல் பழகியது 27ஆம் வயதில். மோகனூர்ப் பக்கம் ஆசிரியப் பணியில் இருந்தபோது, ஒரு பரிசல்காரரின் தயவால் காவிரியில் பழகினேன். அவருடைய முன்னோர் காலத்தில் பரிசலுக்கும் தோலே போர்த்துவார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது?

நீருக்கும் நமக்கும் இடையே இருந்த வேலியை அகற்றப் பெரியோர் பட்ட பாட்டை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். சென்னைச் சட்டமன்றத்தில் 1924ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் உரியவை என்ற தீர்மானத்தை நிறைவேறச் செய்தார். 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாட் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீரை அள்ளிப் பருகினார். பள்ளியில் படித்த நாளில் பணியாள் ஊற்றினாலன்றித் தண்ணீர் குடிக்க இயலாதிருந்த சிறுவன் அல்லவா அவர்! அவர்கள் பருகிச் சென்ற பின், அக்குளத்தில் சாணமும் கோமியமும் கலந்த குடங்களை ஊற்றித் ‘தூய்மை’ செய்தார்கள். வழக்கு மேல்முறையீடுகளைக் கடந்து, 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது. பின்னர் வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், நீராடும் துறை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றில் தடை செய்வோரைத் தண்டனைக்கு உள்ளாக்கியது.

இவையெல்லாம் நீரைப் பருகும் உரிமையையும் துறையில் இறங்கும் உரிமையையும் தந்தன. ஆனால் நீச்சல் என்பது சட்டத்தால் வருவதன்று. அது தந்தையிடமிருந்தும் அண்ணனிடமிருந்தும் மாமனிடமிருந்தும் வருவது. அவர்களுக்குத் தெரியாதபோது பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? தடை நீங்கிய பிறகும் தடையின் விளைவு நம் வீட்டிலேயே குடியிருக்கிறது.

கடல் கடந்த நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் கறுப்பின மக்களை நெடுங்காலம் நீச்சல் குளங்களில் விடவில்லை. புளோரிடா மாநிலத்துச் செயின்ட் அகஸ்டின் நகரில் 1964 ஜூன் மாதம் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக ஒரு விடுதியின் குளத்தில் இறங்கியபோது, விடுதியை நடத்தியவர் அந்நீரில் அமிலத்தை ஊற்றினார். சவுதார் குளத்துக் குடங்கள் உங்கள் நினைவுக்கு வரும். அத்தடைகள் சட்டத்தால் ஒழிந்து பல ஆண்டுகள் ஆன பின்னரும், 1999 முதல் 2010 வரை நிகழ்ந்த இறப்புகளை அந்நாட்டு அரசின் நோய்த்தடுப்பு மையம் ஆராய்ந்தது. 5 முதல் 19 வயதுக்குட்பட்ட கறுப்பினப் பிள்ளைகள், வெள்ளையர் பிள்ளைகளைப்போல் ஐந்தரை மடங்கு வீதத்தில் நீச்சல் குளங்களில் மூழ்கி இறந்தனர் என்று 2014இல் வெளியிட்டது. உலகெங்கும் 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு. பள்ளி செல்லும் வயதில் நீச்சலையும் நீர்ப் பாதுகாப்பையும் கற்பிக்க வேண்டும் என்பது அந்நிறுவனம் சொல்லும் வழிகளில் ஒன்று.

நம் மாவட்டங்களில் இப்போது புதியதொரு இடரும் சேர்ந்திருக்கிறது. நம் ஏரிகள் பல ஆண்டுக் கணக்கில் வறண்டு கிடந்தன. பிள்ளைகள் அவற்றின் தரையில் பந்து விளையாடி வளர்ந்தனர். வண்டல் என்றும் செம்மண் என்றும் அங்கங்கே ஆழமாகத் தோண்டி எடுத்தார்கள். பிறகு ஒரு நல்ல மழை வருகிறது. அல்லது மேட்டூர் உபரிநீரைச் சரபங்கா வடிநிலத்தின் 100 ஏரிகளுக்குக் கொண்டுவரும் திட்டம் 2021இல் தொடங்கப்பட்டதே, அதுபோல் நீர் வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் தான் ஓடி விளையாடிய தரை என்றே எண்ணிப் பிள்ளை இறங்குகிறான். முழங்காலளவு நீரில் நாலடி நடந்தால் ஐந்தாம் அடியில் இரண்டாள் ஆழக் குழி. நீரின் மேல் அது தெரிவதில்லை.

ஆகவே முதலில் நீச்சல், அதன் பின்னரே தூண்டில் என்பது என் வேண்டுகோள். பெண் குழந்தைகளும் கட்டாயம் கற்க வேண்டும். துணி துவைக்கவும் தண்ணீர் எடுக்கவும் துறையில் இறங்குவோர் அவர்களே. எவரேனும் மூழ்கினால் நீந்தத் தெரியாதவன் பின்னால் குதிக்கக் கூடாது. கயிற்றை எறியலாம், வேட்டியையோ சேலையையோ நீட்டலாம், வாயை மூடிக் கட்டிய காலிப் பிளாஸ்டிக் குடம் ஓர் ஆளைத் தாங்கும். கரையேற்றியவனைத் தலைமேல் வைத்துச் சுற்றும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதில் போகும் ஒவ்வொரு நிமிடமும் உயிர். மூச்சில்லையேல் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பை அழுத்தத் தொடங்கி, 108ஐ அழைக்க வேண்டும்.

நீந்தத் தெரிந்த பிள்ளை தூண்டிலோடு கரையில் அமரட்டும். செலவு அதிகமில்லை. ஒரு மூங்கில் கோல், தங்கூசி நரம்பு, சிறு முள், மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை, ஈரமண்ணில் மண்புழு. அமர்ந்த பின் அவனுக்குக் கிடைக்கும் பாடத்தை எந்த வகுப்பறையிலும் நான் தந்ததில்லை. ஏரி வற்றும்போது தரையில் தட்டுத் தட்டாகக் குழிகள் தெரியுமே, அவை ஜிலேபிக் கெண்டையின் ஆண்மீன் பறித்த கூடுகள். பெண்மீனோ முட்டைகளை வாய்க்குள் ஏந்திக் காக்கும். அந்த மீன் நம் நாட்டு மீனன்று. 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று எந்தக் குட்டையிலும் அதுவே முதலில் கடிக்கிறது. விராலின் செந்நிறக் குஞ்சுகள் கொத்தாக நீரின் மேல் மிதந்து வரும்போது, அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். அப்போது அதைப் பிடிக்கலாகாது. கெளுத்தியின் பக்க முள் குத்தினால் கை வீங்கும். அதைப் பிடிக்கும் முறையைக் காட்டித்தான் தர வேண்டும். உள்ளங்கைக்குச் சிறிய மீனைத் திரும்ப விட வேண்டும். தோட்டா வைப்பதும், மின்சாரம் பாய்ச்சுவதும், வெளுப்புத் தூள் கரைப்பதும் மீன் பிடிப்பே அல்ல என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

நம்முள் பௌத்தம் தழுவிய குடும்பங்கள் சில உண்டு. உயிரைக் கொல்வதைப் பிள்ளைக்குக் கற்பிப்பதா என்று அவர்கள் கேட்கலாம். அவர்கள் பிள்ளைகள் நீச்சலோடு நிறுத்திக்கொண்டு, கரையில் அமர்ந்து மீன்கொத்தியையும் முக்குளிப்பானையும் பார்க்கட்டும். எனக்கு அதில் மாறுபாடில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். ஏரி பொதுவாயினும் மீன்பாசி ஏலம் போயிருக்கலாம். குத்தகை எடுத்தவரிடம் முன்னதாகக் கேட்டுவிட்டுத்தான் தூண்டில் போட வேண்டும். கோலை முறிக்க இன்னொருவருக்கு நாமே காரணம் தரலாகாது. அடுத்து, திருமணிமுத்தாற்றில் பிள்ளைகளை இறக்காதீர்கள். சேர்வராயன் மலையில் தெளிவாகப் பிறக்கும் அந்த ஆறு சேலம் நகரத்தின் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்துகொண்டுதான் நாமக்கல் பக்கம் வருகிறது. அந்நீரில் பிடித்த மீனையும் உண்ண வேண்டாம்.

பேச்சோடு நிற்காமல் ஓர் ஏற்பாட்டையும் செய்துவிட்டே வந்திருக்கிறேன். நம் பகுதித் தோட்டக்காரர் ஒருவரின் கிணற்றில் இன்னும் படிக்கற்கள் உறுதியாக இருக்கின்றன, நீரும் இருக்கிறது. சென்ற மாதம் அவரைக் கண்டு பேசினேன். அவருடைய தந்தையார் காலத்தில் அதே கிணற்று மேட்டில் நான் நின்று திரும்பியிருக்கிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்கலாம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எத்தனை புள்ளைங்க வருவாங்க வாத்தியாரே?” என்று கேட்டார். முதலில் பன்னிரண்டு பேர் என்றேன். மோட்டார் ஓடாத நேரமாகக் காலை ஆறரை முதல் எட்டு வரை வரச் சொல்லியிருக்கிறார்.

மே மாத முதல் ஞாயிறு தொடங்குகிறோம். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பெயர்களைக் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுங்கள். சுரைக்குடுக்கைகள் என் வீட்டில் ஏழு இருக்கின்றன. இன்னும் ஐந்து வேண்டும். கொல்லையில் முற்றிய சுரை வைத்திருப்போர் அறுத்துவிடாமல் கொடியிலேயே காய விடுங்கள்.