746 ஜிபி: டீச்சரம்மாவின் ஹார்டு டிஸ்க்கும் நம் ஆபீஸ் கம்ப்யூட்டரும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் கம்ப்யூட்டர் பத்திப் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். படித்துவிட்டு 1983ல் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். பாதி சர்வீஸ் லெட்ஜரில் கையால் எழுதினேன், மீதி பாதி கீபோர்டில் தட்டினேன். இப்போது சங்க ஆபீஸில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் மெயின்டெனன்ஸ் கணக்கைப் பார்க்கிறேன். அந்தக் கம்ப்யூட்டரில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லவே வந்திருக்கிறேன். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு நம்மில் பலர் பத்திரம், போட்டோ எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைக்கப் பெரிய ஹார்டு டிஸ்க் வாங்கியிருக்கிறீர்கள். அதனால் இது உங்களுக்கும் பயன்படும்.

நம் பி பிளாக் டீச்சரம்மாவை எல்லோருக்கும் தெரியும். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அவருடைய கணவர் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். வருஷா வருஷம் பாத்தி திருத்துவது, உவர்நீர் பாய்ச்சுவது, உப்பு வாருவது, அம்பாரம் போட்டு ஓலை மூடுவது என்று எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைத்திருந்தார். அவர் போன பிறகு அதெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு 3 டெராபைட் ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. நம் ஊர்க் காற்றுக்கு மனுஷனை விடக் கம்ப்யூட்டர் சீக்கிரம் வயசாகிவிடும். உள்ளே இருக்கிற மதர்போர்டில் உப்பு பூத்து, ஒருநாள் ஆன் ஆகவே இல்லை. டிஸ்க் மட்டும் நன்றாக இருந்தது. அதைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி ஆபீஸுக்கு எடுத்து வந்தார். "சார், இதுல இருக்கிறத ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்றார்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7. டிஸ்க்கை உள்ளே கேபிளில் மாட்டி ஆன் செய்தேன். டிஸ்க் மேனேஜ்மென்ட் பக்கத்தில் அது தெரிந்தது. ஆனால் 3 டெராபைட் இல்லை, 746 ஜிபி. காலியான புது டிஸ்க் மாதிரி, "இனிஷியலைஸ் செய்ய வேண்டும்" என்று ஒரு பெட்டி வேறு வந்தது. நாற்பது வருஷ வங்கிப் பழக்கம், கேட்ட இடத்தில் எல்லாம் ஓகே போடுவது. போட்டுவிட்டேன்.

அதன் பிறகு ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. அப்போதுதான் பின்னால் நின்ற டீச்சரம்மா சொன்னார்: "சார், அதுல அவர் இருக்கார்."

கையை மவுஸிலிருந்து எடுத்தேன். கம்ப்யூட்டரை அணைத்தேன். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

3 டெராபைட் எப்படி 746 ஜிபி ஆனது? அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதைப் புரிந்துகொள்ள வங்கிக் கவுன்டரில் நாங்கள் கொடுத்த பித்தளை டோக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு கவுன்டரில் 100 டோக்கன் இருக்கும். 101வது ஆள் வந்தால் அவருக்கும் 1ம் நம்பர்தான். முதல் ஆள் பணம் வாங்கிப் போய்விட்டிருந்தால் சிக்கல் இல்லை. போகாமல் உட்கார்ந்திருந்தால், "ஒண்ணு" என்று கேஷியர் கூப்பிடும்போது இரண்டு பேர் எழுந்து நிற்பார்கள்.

ஹார்டு டிஸ்க்கும் அப்படித்தான். அதில் 512 பைட் கொள்ளும் சின்னச் சின்ன அறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். கம்ப்யூட்டர் அந்த நம்பரைச் சொல்லித்தான் எழுதுகிறது, படிக்கிறது. நம் ஊர் பின்கோடு 604303, ஆறு இலக்கம். ஆறு இலக்கத்தில் பத்து லட்சம் நம்பருக்கு மேல் எழுத முடியாது. கம்ப்யூட்டருக்கு 0, 1 என்று இரண்டே இலக்கம். பழைய ஏற்பாட்டில் அறை நம்பர் எழுத 32 கட்டம் ஒதுக்கியிருந்தார்கள். 32 கட்டத்தில் எழுதக்கூடிய நம்பர்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அதை 512ஆல் பெருக்கினால் சுமார் 2.2 டெராபைட். அதற்கு மேல் எழுத டோக்கன் கிடையாது.

இந்த 32 கட்டம் வைத்த பார்ட்டிஷன் பட்டியலுக்கு எம்பிஆர் என்று பெயர். ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்தபோது, 1983ல், நான் வேலையில் சேர்ந்த அதே வருஷம் வந்தது. அந்த எக்ஸ்டியில் இருந்த ஹார்டு டிஸ்க் வெறும் 10 எம்பி. அதைப் போல இரண்டு லட்சம் மடங்கு வரைக்கும் இடம் விட்டிருந்தார்கள் என்றால், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்களும் லெட்ஜரில் லட்சத்துக்கு மேல் கட்டம் போடாமல் இருந்து, பிறகு கோடி வந்தபோது ஓரத்தில் எழுதியவர்கள்தான். 2010ல் 3 டெராபைட் டிஸ்க்குகள் கடைக்கு வந்தபோதுதான் அந்தக் கட்டம் போதாமல் போனது.

இப்போது கழித்தல். டீச்சரம்மாவின் டிஸ்க்கில் அறைகள் 586 கோடியே 5 லட்சத்து 33 ஆயிரத்து 168. அதில் 429 கோடிச் சொச்சத்தைக் கழித்தால் மிச்சம் 156 கோடியே 55 லட்சத்து 65 ஆயிரத்து 872. அதை 512ஆல் பெருக்கி ஜிபி ஆக்கினால் 746.52. பேப்பரில் இந்த எண் வந்ததும், டே புக் டேலி ஆன மாதிரி இருந்தது. அதாவது கம்ப்யூட்டர் ஒரு முறை டோக்கன் முழுவதையும் எண்ணி முடித்து, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்து, கடைசியில் கையில் இருந்த எண்ணை மட்டும் நம்மிடம் சொல்லியிருக்கிறது. டிஸ்க் கெடவில்லை. எண்ணுகிறவன் தப்பு.

எண்ணுகிறவன் யார்? இங்கேதான் நம் உப்பளம் உதவுகிறது. கழிமுகத்துத் தண்ணீர் கால்வாயில் வந்து, தேக்கி வைக்கும் பாத்திக்குப் போய், அங்கிருந்து அடுத்தடுத்த பாத்திகளில் காய்ந்து, கடைசிப் பாத்தியில் உப்பாகிறது. நடுவில் ஒரு மடை சின்னதாக இருந்தால் கடைசிப் பாத்திக்கு அந்த அளவுதான் தண்ணீர். கம்ப்யூட்டரிலும் டிஸ்க்குக்கும் நம் கண்ணுக்கும் நடுவே பல மடைகள்: மதர்போர்டு, அதன் பயாஸ், டிஸ்க்கை ஓட்டும் டிரைவர் என்ற மென்பொருள், பார்ட்டிஷன் பட்டியல். வெளியிலிருந்து யுஎஸ்பியில் மாட்டினால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சில்லும் ஒரு மடை. எது குறுகலோ அதைத்தான் சரி செய்ய வேண்டும். எல்லோரும் முதலில் "புதுக் கம்ப்யூட்டர் வாங்குங்க" என்பார்கள். அவசியமில்லை.

மறுநாள் இ பிளாக்கில் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி வந்தான். "அங்கிள், நீங்க ஃபார்மட் பண்ணலயே?" என்றுதான் முதலில் கேட்டான். ஒரு பென் டிரைவில் லினக்ஸ் கொண்டு வந்து, அதே ஆபீஸ் கம்ப்யூட்டரை அதிலிருந்து துவக்கினான். அதே போர்டு, அதே கேபிள். டிஸ்க் முழுசாக 3 டெராபைட் காட்டியது! லினக்ஸில் இருக்கும் டிரைவர் அறை நம்பருக்கு 48 கட்டம் வைத்துக்கொள்கிறது. அப்படியானால் மதர்போர்டு மேல் தப்பு இல்லை, விண்டோஸில் நாங்கள் போட்டு வைத்திருந்த பழைய டிரைவர்தான் குறுகல் மடை.

அடுத்து, நான் ஓகே போட்டு அழித்த பட்டியல். டீச்சரம்மாவின் டிஸ்க்கில் எம்பிஆர் இல்லை, ஜிபிடி என்ற புதிய வகைப் பட்டியல் இருந்தது. அதில் 64 கட்டம். எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம் வேறு. வங்கியில் முக்கியமான ரிஜிஸ்டருக்கு இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருக்கிற மாதிரி, ஜிபிடி தன் பட்டியலை டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒன்றும் கடைசியில் ஒன்றும் எழுதி வைக்கிறது. நான் கெடுத்தது தொடக்கத்தில் இருந்ததை. கடைசியில் இருந்த பிரதியை நம் ஆபீஸ் கம்ப்யூட்டரால் தொட்டிருக்கவே முடியாது, அந்த இடத்துக்கு நம்பர் எழுத அதற்குக் கட்டமே இல்லையே! எந்தக் குறையால் டிஸ்க் தெரியாமல் போனதோ, அதே குறை அந்தப் பிரதியைக் காப்பாற்றியது. ஜிடிஸ்க் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கடைசிப் பிரதியை எடுத்து முன்னால் எழுதினான் தம்பி. நான் அன்று ஃபார்மட் கொடுத்து, ஃபைல்களையும் அதில் ஏற்ற ஆரம்பித்திருந்தால் கதை வேறு.

ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. டீச்சரம்மா ஒன்றைத் திறக்கச் சொன்னார். வெயிலில் வெள்ளைப் பாத்தி. கேமரா பிடித்த பையனைப் பார்த்து அவர் அதட்டுகிறார்: "பாத்தியில கால வைக்காதடா!" டீச்சரம்மா சிரித்துவிட்டார்.

இனி உங்களுக்கு. பழைய கம்ப்யூட்டரில் பெரிய டிஸ்க் மாட்டினால், கம்ப்யூட்டர் படத்தில் வலது கிளிக் செய்து மேனேஜ் போய், டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, எண்ணை மட்டும் பாருங்கள். எதற்கும் ஓகே போடாதீர்கள்.

3 டெராபைட் டிஸ்க் 2048 ஜிபி ஒரு துண்டாகவும், 746 ஜிபி பயன்படுத்த முடியாத துண்டாகவும் தெரிந்தால் நல்ல செய்தி. இரண்டையும் கூட்டினால் 2794. கம்ப்யூட்டர் முழுசாகப் பார்க்கிறது, பட்டியல்தான் எம்பிஆர். டிஸ்க்கில் இருப்பதை வேறு இடத்தில் காப்பி எடுத்து, துண்டுகளை நீக்கி, "கன்வர்ட் டு ஜிபிடி" கொடுத்தால் முடிந்தது. துண்டுகளை நீக்கினால் உள்ளே இருப்பதும் போய்விடும், அதனால் காப்பி முதலில்.

மொத்தமே 746 என்றால் அது கெட்ட செய்தி. 4 டெராபைட் டிஸ்க்காக இருந்தால் 1678 என்று காட்டும். அப்போது பட்டியலில் கை வைக்காதீர்கள், டிஸ்க்கில் ஒரு எழுத்தும் எழுதாதீர்கள். கழற்றிவிட்டு, மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து புது டிரைவர் போடுங்கள். யுஎஸ்பி பெட்டியில் மாட்டியிருந்தால் பெட்டியை மாற்றுங்கள். நம் ஆபீஸில் டிரைவர் மாற்றிய பிறகு இப்போது 2794.52 காட்டுகிறது. விண்டோஸ் இன்னும் பழைய சின்ன டிஸ்க்கிலிருந்துதான் துவங்குகிறது, பெரியது ஃபைல் வைக்க மட்டும். பழைய பயாஸ் உள்ள கம்ப்யூட்டரில் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸைத் துவக்க முடியாது. அந்த வீண் முயற்சியில் இறங்க வேண்டாம்.

எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் இங்கே இருவர் இருக்கிறீர்கள், பெயர் சொல்லவில்லை. சாதாரண 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி படிக்கத் தெரியாது. 2 டெராபைட்டுக்கு மேல் வாங்காதீர்கள். 2001ல் வந்த முதல் எக்ஸ்பிக்கு 137 ஜிபிதான் எல்லை, அங்கே 28 கட்டம். 2002ல் வந்த முதல் சர்வீஸ் பேக் அதைச் சரி செய்தது.

1 டெராபைட் வாங்கினால் 931 என்று காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று ஏ பிளாக் சார் சண்டைக்கே போய்விட்டார். ஏமாற்றவில்லை சார். டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. அந்தக் காலத்து இங்கிலீஷ் டன் 1016 கிலோ, இப்போதைய டன் 1000 கிலோ. லாரியில் இருக்கிற உப்பு ஒன்றுதான். ஆனால் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு 2 டெராபைட் பென் டிரைவ் என்று விற்கிறார்களே, அது நிஜமாகவே மோசடி. உள்ளே கொஞ்சம் இடம்தான் இருக்கும். டோக்கன் தீர்ந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து எழுதும். பழைய போட்டோ மேல் புதுப் போட்டோ ஏறிவிடும்.

டீச்சரம்மாவின் வீடியோக்கள் இப்போது இரண்டு டிஸ்க்கில் இருக்கின்றன. ஒன்று இங்கே பீரோவில். இன்னொன்று உப்புக் காற்று படாமல் திண்டிவனத்தில் அவர் தங்கை வீட்டில்.

ஞாயிற்றுக்கிழமை மாலை 5 முதல் 6 வரை ஆபீஸில் இருப்பேன். தம்பிக்குப் பரீட்சை இல்லாவிட்டால் அவனும் வருவான். டிஸ்க்கைக் கொண்டு வாருங்கள். அதற்கு முன் வீட்டில் மாட்டிப் பார்த்து, ஏதாவது பெட்டி வந்திருந்தால் அதில் என்ன எழுதியிருந்தது என்று செல்போனில் போட்டோ எடுத்து வாருங்கள்.