மார்பில் தோன்றும் நீர்க்கட்டிகளும் பஞ்சாயத்தின் கடமையும்
(திற்பரப்பில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



வெட்கத்தால் மறைக்கப்படும் ஒரு வியாதியைக் குறித்து இன்று பேச விரும்புகிறோம். பெண்களின் மார்பில் தோன்றும் கட்டியே அது. பஞ்சாயத்தில் இதற்கென்ன வேலை என்று எண்ண வேண்டாம். அக்கட்டிகளுள் அரிய ஒரு வகை, தெருநாயினாலும் இறைச்சிக் கழிவினாலும் உண்டாவது. அதைத் தடுக்கும் பொறுப்பு நம்முடையதே.

மார்பில் கட்டி என்றதும் புற்றுநோயென அஞ்சிச் சிலர் ஒளிக்கின்றனர். வலியில்லை என்று சிலர் வாளாவிருக்கின்றனர். இரண்டும் தவறு. கட்டிகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. 35 வயதுக்கு மேல் சாதாரண நீர்க்கட்டி தோன்றுவதுண்டு. பாலூட்டும் தாய்க்குப் பால் தேங்கிக் கட்டியாவதும் உண்டு. ஆயினும் கையால் தொட்டுப் பார்த்த மட்டில் இது தீங்கற்றது, இது புற்று என்று உறுதி கூற எவராலும் இயலாது. புற்றுநோயும் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

இனி அந்த அரிய வகையைக் கூறுவோம். நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு நாடாப்புழு வாழ்கிறது. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறிப் புல்லிலும் மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன. அதை மேயும் ஆடுமாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் உண்டாகின்றன. அவ்வீரலைத் தின்னும் நாய்க்கு மீண்டும் புழு பிடிக்கிறது. கழுவாத கையாலும் கீரையாலும் முட்டை மனிதர் வயிற்றிற் புகுந்தால், நமக்கும் கட்டி உண்டாகும். பெரும்பாலும் அது ஈரலில் தோன்றும். மார்பில் தோன்றுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இந்தியாவில் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் இவ்வியாதி மிகுதி என்பர் மருத்துவர். சமைத்த இறைச்சியை உண்பதால் இது வருவதன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமன்று.

இக்கட்டி வலியின்றி ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். சாதாரண நீர்க்கட்டியை ஊசியால் உறிஞ்சினாலே போதும். பல வேளைகளில் அதுவும் வேண்டுவதில்லை. புழுக்கட்டியோ அவ்வாறன்று. அது உடைந்து உள்நீர் கசிந்தால், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை உண்டாகலாம்; புதுக் கட்டிகளும் கிளைக்கலாம். ஆகவே முதலில் ஸ்கேன், பிறகே ஊசி. பெரிய கட்டிக்குள் சிறு கட்டிகள் ஸ்கேனில் தெரிந்தால் டாக்டர் ஐயுறுவார். இரத்தப் பரிசோதனையும் துணைபுரியும். ஈரலையும் நுரையீரலையும் பார்த்த பின், கட்டியை உடையாமல் முழுமையாக அறுத்தெடுப்பதே சிகிச்சை. அல்பெண்டசோல் மாத்திரையும் டாக்டர் கூறும் அளவில் தரப்படும். நாட்டு முறையில் கீறுவதும், பிழிவதும், பற்றுப் போடுவதும் கூடவே கூடாது.

நம் ஜில்லாவில் ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லை. நெய்யூரில் 1838-லேயே மேனாட்டு வைத்தியம் தொடங்கிற்று. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உள்ளது. கூச்சத்தை விட்டுச் செல்வதற்கு மனந்தான் வேண்டும். ரப்பர் பால் வெட்டும் வேலைக்கு விடியுமுன் செல்லும் சகோதரி, ஒரு நாள் கூலி போகுமே என்று நாளைக் கடத்துகிறாள். வீட்டு ஆண்களே அவளை அழைத்துச் செல்ல வேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை நான்கு. ஆடுமாடு அறுக்குமிடத்துக் கழிவை நாய்க்கு எறியாமல் ஆழக் குழிதோண்டிப் புதைக்கச் செய்க. இறந்த ஆடுமாடுகளையும் அவ்வாறே புதைக்கச் செய்க. வளர்ப்பு நாய்களுக்குக் கால்நடை மருத்துவரைக் கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழுமருந்து கொடுக்க ஏற்பாடு செய்க. நாயைத் தொட்ட பின்னும் தோட்ட வேலைக்குப் பின்னும் சோப்பிட்டுக் கை கழுவும் பழக்கத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்க.

சாலையும் பாலமும் கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம். ஒரு தாய் தன் கட்டியை மறைக்காமல் காலத்தே காட்டிக் குணம் பெறுவதும் முன்னேற்றமே. அதற்கு உங்கள் ஒத்துழைப்பைக் கோருகிறோம்.