பேராசிரியர் நாற்காலியும் நம் பிள்ளைகளும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இவ்விழாவில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அதைப் பற்றி இருபத்தைந்து ஆண்டுகளாகப் பேசிவிட்டோம், பயனும் கண்டோம். ஆகவே இன்று சற்று உயரத்தில் இருக்கும் ஒரு கதவைப் பற்றிச் சொல்ல விழைகிறேன். சென்னை ஐ.ஐ.டி. போன்ற பெரிய ஆராய்ச்சி நிறுவனங்களில் கணிப்பொறி அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார்கள்? அந்த வரிசையில் நம் பிள்ளைகளை ஏன் அரிதாகவே காண்கிறோம்? நான் வரலாறு படித்த பி.ஏ., பி.எட். ஆசிரியன். கணிப்பொறியில் என் புலமை மாணவர் வருகையை 'எமிஸ்' தளத்தில் ஏற்றுவதோடு முடிந்துவிடும். ஆயினும் இப்பொருளில் எனக்கு ஒரு பழைய கடன் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நம் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தை இங்குள்ள முதியோர் அறிவர். 1961-ஆம் ஆண்டோடு அது நின்றுபோயிற்று. குளிப்பு அறிவிக்கும் முன்னர் அரசாங்கத்தார் பார்களைச் சோதிப்பார்கள். மூழ்குவோரை இறக்கிச் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, திறந்து, அவற்றில் கிடைக்கும் முத்துக்கு மதிப்புப் போட்ட பின்னரே குளிப்பு உண்டு, இல்லை என்று சொல்வார்கள். கரையில் நின்றுகொண்டே "இங்கு முத்து இல்லை" என்று எவரும் எழுதி அனுப்பியதில்லை. நம் நாட்டு உயர்கல்வி நிறுவனங்களிலோ "தகுதியானவர் கிடைக்கவில்லை" என்ற ஒரு வரி நெடுங்காலமாக எழுதப்பட்டு வருகிறது. அதை எழுதும் முன் எத்தனை முறை மூழ்கிப் பார்த்தார்கள் என்பதே என் கேள்வி.

சென்னை ஐ.ஐ.டி. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டது. கணிப்பொறி அறிவியல் துறை அங்கு 1973-இல் ஏற்பட்டது. 2008-இல்தான் மத்திய அரசு, ஐ.ஐ.டி.களின் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் உதவிப் பேராசிரியர் நிலைக்கு மட்டும் ஆசிரியர் பணியில் இட ஒதுக்கீடு வேண்டும் என்று ஆணையிட்டது. அதற்கு மேலுள்ள நிலைகளுக்கு 2019 வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த 2019-ஆம் ஆண்டுக் கதையை இளைஞர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். இது வெறும் கணக்குதான். மத்திய அரசுப் பணியில் பட்டியல் இனத்தார்க்கு நூற்றுக்குப் பதினைந்து, பழங்குடியினர்க்கு ஏழரை. இதை இடங்களாக மாற்றும்போது ஒரு பதிவேட்டில் வரிசை எண் இடுகிறார்கள். நான்காம் எண் பிற்படுத்தப்பட்டோர்க்கு. ஏழாம் எண் நமக்கு. பதினான்காம் எண் பழங்குடியினர்க்கு. பல்கலைக்கழகம் முழுவதையும் ஒரே பதிவேடாகக் கொண்டால் இருநூறு இடங்களில் முப்பது நமக்கு வரும். ஒவ்வொரு துறைக்கும் தனிப் பதிவேடு என்றால் என்னாகும்? ஒரு துறையில் உதவிப் பேராசிரியர் இடங்கள் ஆறே இருக்குமானால் ஏழாம் எண் வரவே வராது. சட்டத்தில் இட ஒதுக்கீடு இருக்கும். நாற்காலி மட்டும் இராது! 2017-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் துறைவாரிப் பதிவேடே சரி என்றது. 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு அவ்வாறே ஆணை அனுப்பியது. 2019 சனவரியில் உச்சநீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. நாடெங்கும் ஆசிரியரும் மாணவரும் கிளர்ந்தெழுந்தனர். மார்ச்சில் அவசரச் சட்டமும் சூலையில் நாடாளுமன்றச் சட்டமும் வந்து, நிறுவனம் முழுவதும் ஒரே அலகு என்றாயிற்று.

அச்சட்டத்தின் நான்காம் பிரிவு சில ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் முதலிய எட்டு நிறுவனங்கள் அப்பட்டியலில் உள்ளன. 2020-இல் டில்லி ஐ.ஐ.டி.யின் இயக்குநர் தலைமையில் அமைந்த குழு, ஐ.ஐ.டி.களையும் அதில் சேர்க்கும்படி பரிந்துரைத்தது. முனைவர் பட்டம் பெற்ற ஒதுக்கீட்டுப் பிரிவினர் குறைவு என்பது அவர்கள் காட்டிய காரணம். அப்பட்டியலில் ஐ.ஐ.டி.கள் சேர்க்கப்படவில்லை. மாறாக, 2021 செப்டம்பரிலிருந்து ஓராண்டுக்குள் நிலுவை இடங்களைச் சிறப்பு முயற்சியால் நிரப்புமாறு அரசு பணித்தது. ஒதுக்கீட்டு இடங்களுக்கென்றே தனி விளம்பரங்கள் வந்தன. அந்தக் குழு சொன்ன ஒன்றை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன்: ஒதுக்கீட்டுப் பிரிவு மாணவர்க்கு முனைவர் பட்ட ஆய்வில் சேர்வதற்கான ஆயத்தப் பயிற்சியை அரசு செலவில் நடத்த வேண்டும் என்றும் அவர்கள் கூறினார்கள். விலக்கு கேட்டவர்களின் வாயிலிருந்து வந்தாலும் நல்ல யோசனை நல்ல யோசனைதான்.

இனி அந்த விளம்பரத்தைப் படித்துப் பார்ப்போம். முனைவர் பட்டம் வேண்டும். அதற்கு முந்தைய பட்டத்தில் முதல் வகுப்பு வேண்டும். கல்வி வரலாறு "தொடக்கம் முதல் இறுதி வரை மிக நன்றாக" இருத்தல் வேண்டும். இந்தக் கடைசி வாசகத்தில்தான் நம் பிள்ளைகள் பலர் இடறுகிறார்கள். தமிழ் வழியில் படித்து, பிளஸ் டூ வரை தந்தையோடு விடுமுறையில் உப்பளத்துக்குப் போய்வந்த பையன் பொறியியல் முதலாண்டில் ஆங்கிலப் பாடநூலோடு மல்லாடி இரண்டு தாள்களில் தவறியிருப்பான். பின்னர் அவன் எவ்வளவு முன்னேறினாலும் அந்தக் கறை சான்றிதழில் தங்கிவிடுகிறது. மேலும், கணிப்பொறி அறிவியலில் ஆய்விதழைக் காட்டிலும் பன்னாட்டு மாநாடுகளில் ஏற்கப்படும் கட்டுரைக்கே மதிப்பு மிகுதி. அங்குப் போய்வரப் பணம் வேண்டும். எழுதுமுறையைக் காட்டித்தர ஓர் ஆசான் வேண்டும். பெயர் பெற்ற அறிஞர்களின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். இவற்றையெல்லாம் கடந்து சுருக்கப் பட்டியலில் இடம்பெற்றால் துறையினர் முன் ஆய்வுரை, அதன்பின் தேர்வுக்குழு.

இத்துறைக்கு மற்றொரு தனித்தன்மை உண்டு. கணிப்பொறி படித்தவனை இளநிலைப் பட்டம் முடிக்கும் முன்பே நிறுவனங்கள் கல்லூரி வாசலில் வந்து அழைத்துப் போகின்றன. ஆய்வுக்குப் போகிறவர் எல்லாச் சமுதாயத்திலும் குறைவே. இருப்புள்ள வீட்டுப் பிள்ளை ஐந்தாண்டு காத்திருக்கலாம். நம் வீட்டில் முதல் சம்பளத்துக்கு முன்பே அதற்குரிய கடன்கள் வரிசையில் நிற்கும்.

இங்கேதான் என் கடனைச் சொல்ல வேண்டும். உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள் என்னிடம் படித்தாள். 2015-இல் கணிப்பொறி அறிவியலில் பி.ஈ. முடித்தாள், 'கேட்' தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருந்தாள். சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலையும் கிடைத்திருந்தது. "மேலே ஆராய்ச்சி படிக்கலாமா சார், வேலைக்குப் போகட்டுமா?" என்று கேட்க வந்தாள். தந்தையும் உடன் வந்திருந்தார். உப்பு அரித்துப் புண்ணாகியிருந்த அவர் கால்களைப் பார்த்தேன். "வேலைக்குப் போம்மா, முதலில் வீட்டைப் பார்" என்றேன். அவள் வீடு கட்டினாள். தம்பியைப் படிக்க வைத்தாள். அது தவறு என்று எவர் சொல்வார்? ஆனால் முழுநேர ஆய்வு மாணவர்க்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு என்பதே அன்று எனக்குத் தெரியாது. ஐந்தாண்டும் நாம்தான் பணம் கட்ட வேண்டும் என்று எண்ணியிருந்தேன். தெரியாமல் சொன்ன அறிவுரை அது.

ஆகவே தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 2023 சனவரி முதல் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். ஈராண்டுக்குப் பின் 42,000 ரூபாய். பட்டியல் இன மாணவர்க்கென்றே தேசிய ஆய்வு உதவித்தொகை 2005-06 முதல் உள்ளது. மாநில ஆதிதிராவிடர் நலத்துறையும் முழுநேர ஆய்வாளர்க்கு ஊக்கத்தொகை தருகிறது. ஐ.ஐ.டி.யில் முதல்நிலை உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 1,01,500 ரூபாய். ஒரு குறை உண்டு. உதவித்தொகை சில வேளை மாதக்கணக்கில் தாமதமாகிறது. அந்த இடைவெளியில்தான் ஆய்வை விட்டு விலகும் எண்ணம் தலைதூக்குகிறது.

பாபாசாகேப் அம்பேத்கருக்கும் இந்த இடைவெளி நேர்ந்தது. பரோடா மன்னரின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் இலண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்பினார். 1918-இல் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று உடன் பணியாற்றியோர் சிலர் தடுத்தார்கள். கொலம்பியாவில் பயின்றவரின் தகுதியில் அவர்கள் கண்ட குறை அதுதான் போலும்! சம்பளத்தில் சேமித்து, நண்பரிடம் கடன் வாங்கி, கோல்ஹாப்பூர் சாகு மகாராசரின் உதவியும் பெற்று, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்று விட்ட படிப்பை முடித்தார்.

நம் கழகம் மகாராசர் அல்ல. ஆனால் நண்பராக இருக்கலாம். இதுவரை சீருடைக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் உதவினோம். இனி ஒரு நேரத்தில் ஓர் ஆய்வு மாணவர்க்கேனும், உதவித்தொகை வரும் வரை ஆறு மாதச் செலவை வட்டியில்லாக் கடனாகத் தர வேண்டும். தொகை வந்ததும் அவர் திருப்பித் தரட்டும். இதை அடுத்த பொதுக்குழுவின் பொருள்நிரலில் சேர்க்கக் கோரி எழுத்து மூலம் கொடுத்துள்ளேன். என் பங்காக ஒரு மாதச் சம்பளத்தையும் அறிவித்திருக்கிறேன்.

சென்ற மாதம் அந்த மாணவி தொலைபேசியில் பேசினாள். "இனிமேல் விண்ணப்பித்தால் வயது தடையாகுமா சார்?" என்றாள். இருவரும் கணக்குப் போட்டோம். இப்போது அவளுக்கு வயது 32. ஆய்வு முடிய 37 ஆகும். ஐ.ஐ.டி. அறிவிப்புகள் சிலவற்றில் உதவிப் பேராசிரியர்க்கு 35 வயதுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்று கண்டு, நம்மவர்க்கு ஐந்தாண்டுத் தளர்வும் தந்திருக்கிறார்கள். அவ்வாறாயின் 40. பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுப் பணி அனுபவம் வேண்டும். அதற்கும் அந்த மூன்றாண்டு சரியாக இருக்கிறது. வேலையை விடுவதைப் பற்றி வீட்டில் பேசிவிட்டு விண்ணப்பத்தை நிரப்புவதாகச் சொன்னாள். நன்னடத்தைச் சான்று கேட்டிருக்கிறாள். அதை எழுதி வைத்துள்ளேன்.