நயம் என்னும் சொல்

தலைநகரில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டுவிட்ட நமக்குச் சொற்களிடத்து ஒருவகை அச்சம் உண்டு. கடினமான சொற்களிடத்து அன்று; அவற்றுக்கு அகராதி இருக்கிறது. நாம் நன்கு அறிந்ததாக எண்ணியிருக்கும் எளிய சொற்களே நம்மைக் கவிழ்ப்பன. 'நயம்' அத்தகைய சொல். அது நம்மை ஒருமுறை கவிழ்த்த கதையைப் பின்னர்ச் சொல்வோம். முதலில் விவிலிய நூலில் அச்சொல் வரும் இடங்கள் சிலவற்றைக் காண்போம்.

பழைய ஏற்பாட்டின் எபிரேய மூலத்தில் 'பாத்தா' என்றொரு வினை வருகிறது. ஒருவனுடைய மனத்தைப் பேச்சினாலோ ஆசையினாலோ தன் பக்கம் திருப்பிக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். அதனோடு உறவுடைய 'பெத்தி' என்னும் பெயர்ச்சொல்லைத் தமிழ் நீதிமொழிகளில் 'பேதை' என்று காண்கிறோம். திறந்து கிடக்கும் வீட்டில் யாரும் நுழைந்துவிடலாம் அல்லவா? அத்தகைய உள்ளம் உடையவனே பேதை. அவனிடத்துச் செய்யும் செயல்தான் 'பாத்தா'.

சிம்சோன் தன் திருமண விருந்தில் ஒரு விடுகதை போட்டான். விடை காண மாட்டாத பெலிஸ்தர் மணமகளிடம் சென்று, கணவனை 'நயம்பண்ணி' விடையை அறிந்து சொல்லாவிட்டால் அவளையும் அவள் தந்தை வீட்டையும் தீயிட்டுக் கொளுத்துவோம் என்றனர். சில ஆண்டுகள் சென்றபின் தெலீலாளிடமும் அதே சொல்லோடு வந்தனர். இம்முறை நெருப்பு இல்லை, ஆளுக்கு 1,100 வெள்ளிக்காசு தருவதாகப் பேச்சு. பழி முழுவதையும் இவ்விரு பெண்கள்மீது சுமத்துவோர், நயம்பண்ணச் சொன்னவர்களின் கையில் தீயும் பணமும் இருந்ததை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

நாம் இங்கே எடுத்தாளும் தமிழ்ச் சொற்கள், பவர் குழுவினர் உழைப்பில் 1871இல் முற்றுப்பெற்று, பல தலைமுறைகளாகத் தேவாலயங்களில் படிக்கப்பட்டுவரும் பழைய பதிப்பைச் சேர்ந்தவை. இப்பதிப்பு நீதிமொழிகளின் முதல் அதிகாரத்தில், தீயோர் இளைஞனைக் கொள்ளைக்கு அழைப்பதை 'நயங்காட்டுதல்' என்கிறது. ஓசியாவின் இரண்டாம் அதிகாரத்திலோ, தன்னை விட்டகன்ற மனைவி போன்ற இஸ்ரவேலை இறைவன் மீண்டும் பாலைவெளிக்கு அழைத்துச் சென்று பரிவோடு பேசுவதையும் அதே 'நயங்காட்டுதல்' என்கிறது. மூலத்தில் இரண்டும் ஒரே வினை. 1611ஆம் ஆண்டின் ஆங்கிலப் பதிப்பு இவ்விடங்களில் இருவேறு சொற்களைப் பெய்து, கொள்ளையர் பேச்சையும் இறைவன் பேச்சையும் பிரித்து வைத்தது. தமிழ் ஆசிரியர்கள் பிரிக்கவில்லை. அது துணிவு என்றே கூறுவோம்.

ஆனால் எரேமியாவிடம் வந்ததும் அத்துணிவு சற்றுத் தளர்ந்தது. இறைவாக்கு உரைத்தமைக்காக எரேமியா அடியுண்டு, ஓர் இரவு முழுவதும் தொழுமரத்தில் பூட்டப்பட்டுக் கிடந்தார். விடுவிக்கப்பட்டபின் அவர் இறைவனை நோக்கி முறையிடுகையில் வரும் வினையும் 'பாத்தா'தான். பழைய பதிப்பு அங்கே 'இணங்கப்பண்ணுதல்' என்று மெல்லப் பேசுகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'ஏமாற்றுதல்' என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. முன்னதில் எரேமியா தாமே உடன்பட்டவர் ஆகிறார். பின்னதில் வஞ்சிக்கப்பட்டவர் ஆகிறார். நம்மைக் கேட்டால், அடியுண்ட மனிதரின் குரல் பின்னதில்தான் கேட்கிறது என்போம். ஆயினும் தாமும் ஒருகால் விரும்பிச் சென்றோம் என்ற நோவு அதில் இல்லை; 'நயங்காட்டி' என்றே எழுதியிருந்தால் அதுவும் கிட்டியிருக்குமோ என்பது நம் ஐயம்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் வேறு வழி சென்றது. யாக்கோபின் திருமுகம், மனிதன் தன் ஆசையாலேயே இழுக்கப்படுவதைச் சொல்லும் இடத்தில் ஆளும் வினை, தூண்டில் இரையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் அது 'சிக்குண்டு' என்றாயிற்று. மீன் அகப்பட்ட நிலை அதில் தெரிகிறது. இரையின் சுவை தெரியவில்லை. நயத்தில் அந்தச் சுவை உண்டு.

நயத்தல் என்றால் விரும்புதல். திருவள்ளுவர் கண்ணோட்டத்தைப் பற்றிக் கூறும் அதிகாரத்தில் நாகரிகத்துக்கு அடையாக்கியதும் இவ்வேரில் பிறந்த சொல்லையே. கடைத்தெருவில் நயம் நல்லெண்ணெய் என்றால் முதல்தரம். புலவர்கள் சொல்நயம், பொருள்நயம் காண்பார்கள். பின்னால் வஞ்சகம் என்பதைச் சேர்த்துவிட்டாலோ அச்சொல்லின் முகமே மாறிவிடுகிறது!

சட்டத்துக்கும் இச்சிக்கல் உண்டு. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 361ஆம் பிரிவில், சிறாரைப் பாதுகாவலரிடமிருந்து கொண்டுசெல்வதையும் ஆசைகாட்டி அழைத்துச் செல்வதையும் ஒருங்கே வைத்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் அவ்விரண்டும் உள்ளன. சென்னையிலிருந்து வந்த ஒரு வழக்கில் 1964இல் உச்சநீதிமன்றம், தன் மனம் அறிந்து தானே வெளியேறிய பெண் ஒருத்தியைத் தன்னுடன் வர விடுவது வேறு, கொண்டுசெல்வது வேறு என்று தீர்த்து, குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. அந்த முடிவை அவள் மனத்தில் விளைவித்தவர் யார் என்பதே கேள்வியாயிற்று.

இனி நம் கதை. சில ஆண்டுகளுக்கு முன் கட்டட வேலைத் தொழிலாளர் குறித்த விசாரணைக் கோப்பொன்று நம் மேசைக்கு வந்தது. விழுப்புரம் பக்கத்திலிருந்து டில்லிக்கு அழைத்து வரப்பட்ட ஒருவர், மேஸ்திரி 'நயமாகப் பேசிக் கூட்டிவந்தார்' என்று வாக்குமூலம் கொடுத்திருந்தார். பேசிய கூலியில் பாதிகூட அவர் கைக்கு வரவில்லை. நாமோ, அன்பாகப் பேசி அழைத்து வந்தார் என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்டோம். வஞ்சனை எதுவும் நிகழ்ந்ததாகத் தொழிலாளியே கூறவில்லை என்று அறிக்கையில் ஏறிவிட்டது.

பிழை நமக்குத் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கரோல்பாக்கில் நண்பர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அவருடைய முதிய தாயார் கூடத்தில் அமர்ந்து நீதிமொழிகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். 'நயங்காட்டினாலும்' என்ற சொல் காதில் விழுந்தது. அம்மையாரிடம் அதன் பொருளைக் கேட்டோம். "இனிக்க இனிக்கப் பேசிக் குழியில தள்ளுறதுதான் தம்பி. நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

மறுநாளே திருத்தக் குறிப்பு எழுதி அனுப்பினோம். அறிக்கை அதற்குள் மேலே போய்விட்டது. நம் குறிப்பைக் கோப்பின் இறுதியில் தைத்து வைத்திருப்பதாக இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது.