எடை குறையாவிட்டாலும் நடங்கள்

மாதவிலக்கு தள்ளிப்போகிறது, முகத்தில் முடி வளர்கிறது, எடை ஏறுகிறது என்று கலங்கும் பெண்ணிடம், "வாயைக் கட்டும்மா" என்று சொல்லிவிடுகிறோம். அது நியாயமே இல்லை.

பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு, இந்த அறிகுறிகளைத் தரும் பிசிஓஎஸ் எனும் சினைப்பைக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பலருக்கு இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. கணையம் மேலும் சுரக்கிறது. அந்த மிகுதியான இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண் ஹார்மோனைக் கூட்டிவிடுகிறது. இதில் சோம்பல் எங்கே வந்தது?

உடற்பயிற்சி கைகொடுப்பது இந்த இடத்தில்தான். உழைக்கும் தசை, இன்சுலின் இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்று நடந்த நடையின் பலன் நாளை வரைகூட நிற்கும். தராசு முள் அசையாத வாரத்திலும் உள்ளே வேலை நடக்கிறது, சகோதரிகளே!

வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்கிறது 2023ஆம் ஆண்டின் அனைத்துலக வழிகாட்டி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு லேக் கார்டன் பூங்கா பக்கம்தான். கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக் கடைகள் திறக்குமுன் விறுவிறுவென்று நடக்கலாம். மழையென்றால் அடுக்குமாடிப் படிகள் இருக்கின்றன. மாதவிலக்கு மூன்று மாதமாக வரவில்லையா? அருகிலுள்ள அரசாங்க கிளினிக்குக்குப் போய், சர்க்கரைப் பரிசோதனையையும் சேர்த்தே கேளுங்கள்.